விலகி இருப்பதும் ஒரு வேலைதான்

காரைக்கால் வட்டாரத்தில் நிரவி பக்கம் இருக்கும் ஊர் விழிதியூர். ஆட்சிக் கணக்கில் அது புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரம் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாடோ கூப்பிடு தூரத்தில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு என்று கிடக்கும் இந்தச் சின்ன நிலத்தில் எல்லைக்கோடு சாதாரண நாட்களில் பெட்ரோல் விலையிலும் மதுக்கடைப் பலகையிலும்தான் கண்ணில் படும். பெண் எடுப்பதும் கொடுப்பதும், நாகூர் தர்காவுக்குப் போவதும், திருவாரூருக்கு வைத்தியத்துக்குப் போவதும், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வந்து போவதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. 2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் அதே கோட்டில் தடுப்புக் கட்டைகள் வந்து நின்றன. எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் புறம் ஓர் அரசின் ஆணை, அந்தப் புறம் வேறோர் அரசின் ஆணை. யார் வீட்டோடு இருக்க வேண்டும், எத்தனை நாள், யாரைக் கேட்டு வெளியே வரலாம் என்பதெல்லாம் ஒரே வயற்காட்டின் இரு முனையில் இரண்டு தலைநகரங்களிலிருந்து வந்து சேர்ந்தன.

அந்த மாதங்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் படித்தவர் பேச்சிலும் திரும்பத் திரும்ப ஒரு வசனம் கேட்டது: "நம்ம ஜனங்களுக்குச் சொன்னாப் புரியாது, அடிச்சாத்தான் கேக்கும்." தெருவில் வந்தவர்களைத் தோப்புக்கரணம் போட வைத்ததற்கும் லத்தியைச் சுழற்றியதற்கும் இதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது. இந்த வசனம் இரண்டு வகையில் தப்பு. மக்களுக்குப் புரியாமல் போனதில் பெரும்பங்கு சொன்னவர்கள் சொன்ன விதத்தால் வந்தது. புரிந்த பிறகும் மீறியவர்களில் பலர், கேட்கப்பட்ட விலையைக் கொடுக்க வழியில்லாதவர்கள். தொற்று வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் 14 நாள் வீட்டில் அடைந்து கிடப்பவர் ஊருக்காக ஒரு வேலை செய்கிறார். ஊர் வேலை செய்கிறவருக்குக் கூலி உண்டு. வேலை எப்போது முடியும் என்ற கெடு உண்டு. செய்தவர் என்ற கௌரவமும் உண்டு. இந்த மூன்றையும் கொடுத்த இடங்களில் தனிமைப்படுத்தல் பெருமளவுக்கு நடந்தது. கொடுக்காத இடங்களில் எந்தச் சட்டமும் அதை நடத்திக் காட்டவில்லை.

சொல்லில் தொடங்கிய குழப்பம்

முதலில் சொற்களைப் பார்க்கலாம். 'ஊரடங்கு' என்பது கொரோனாவுக்காகப் பிறந்த சொல் அல்ல. கலவரம், துப்பாக்கிச் சூடு, 144 தடையுத்தரவு என்று செய்தித்தாள்கள் பல காலம் புழங்கிய சொல். அதைக் கேட்டதும் தமிழ் மனத்தில் எழும் உருவம் போலீஸ்காரர், கிருமி அல்ல. எனவே போலீஸ் இல்லாத சந்தில் கூடுவதில் தப்பில்லை என்று தோன்றியது இயல்புதான். 'தனிமைப்படுத்தல்' இன்னும் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. மருத்துவம் இரண்டு வெவ்வேறு செயல்களைச் சொல்கிறது. நோய் உறுதியானவரைப் பிறரிடமிருந்து பிரித்துச் சிகிச்சை தருவது ஒன்று. நோயாளியோடு பழகியவரை, அவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை காத்திருக்கச் சொல்வது மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் ஒட்டிக்கொண்டது. அதனால் "எனக்கு ஒன்றுமில்லையே, என்னை ஏன் நோயாளி ஆக்குகிறீர்கள்?" என்று வெளியூரிலிருந்து வந்தவர் கோபப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ அவருக்கு நோய் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். இருவர் பேரிலும் குற்றமில்லை. காத்திருப்பவரையும் நோயாளியையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, மக்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

காத்திருப்பு ஏன் 14 நாள் என்பதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கிருமி உடம்புக்குள் போன அன்றே காய்ச்சல் வருவதில்லை. அது பெருக நாள் பிடிக்கும். 2020-இல் தெரிய வந்த கணக்குப்படி, கொரோனா அறிகுறி தோன்றப் பொதுவாக 5 நாள் ஆனது. அறிகுறி வருபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் 12 நாளுக்குள் வந்துவிட்டது. ஓரிரு நாள் கூடுதலாக வைத்து 14. மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால், அன்றைக்குப் பிடிபடும் அளவுக்குக் கிருமி இல்லை என்றுதான் பொருள். எட்டாம் நாள் இருக்கலாம். இதை விளக்காததால், 'நெகட்டிவ்' என்ற தாள் கைக்கு வந்ததும் விடுதலைப் பத்திரம் கிடைத்ததுபோல் பலர் வெளியே வந்தார்கள். பிளேக் பரவிய காலத்தில், 1377-இல், அட்ரியாட்டிக் கரையிலிருந்த ரகூசா நகரம் வெளியிலிருந்து வந்தவர்களை 30 நாள் தனியே இருத்தியது. பிறகு வெனிஸ் போன்ற துறைமுகங்களில் அது 40 நாளாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'குவாரண்டைன்' என்ற பெயரே நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்து நாற்பதுக்கும், எண்ணிப் பார்த்து வைத்த பதினான்குக்கும் உள்ள தூரம் மருத்துவம் கடந்துவந்த தூரம். அதை மக்களிடம் சொல்லியிருந்தால், பதினான்கு என்பது ஓர் அதிகாரியின் பிடிவாதமாகத் தெரிந்திருக்காது.

இந்தக் காத்திருப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதுதான் மையமான கேள்வி. அதற்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஆய்வு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தது. 84,965 நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரைச் சுகாதாரப் பணியாளர்கள் தேடிப் பிடித்துப் பரிசோதித்த விவரங்களை ஆராய்ந்த அந்த ஆய்வை 2020-இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து அவர்களோடு பழகியவர் ஒருவருக்குக்கூடத் தொற்று போனதாகத் தெரியவில்லை. சிறு பகுதியினரிடமிருந்தே பெரும்பாலான தொற்று பரவியது. அந்தச் சிறு பகுதியில் யார் இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது. எனவே ஒருவரால் பரவுவதைத் தடுக்கப் பத்துப் பேர் விலகி இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்தில் பெரும்பாலோர் தங்களுக்கு எந்தப் பயனும் இல்லாத காரியத்தைப் பிறருக்காகச் செய்கிறார்கள். இதைத் தண்டனையைப் போல நடத்துவது அநியாயம் மட்டுமல்ல, கணக்குப் பிழையும்கூட.

கூலி

காரைக்கால் பகுதியில் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு 14 நாள் என்றால் என்ன? 2020 ஏப்ரலிலிருந்து நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நிர்ணயித்த தினக்கூலி 256 ரூபாய். அதையே அளவாக வைத்தால் ஒருவருக்கு 3,584 ரூபாய் போகும். கணவன் மனைவி இருவருக்கும் 7,168. தமிழ்நாடு அரசு அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்குத் தந்தது 1,000 ரூபாய்; புதுச்சேரி அரசு அறிவித்தது 2,000. ஊர் முழுக்கப் பகிர்ந்த அந்த உதவி தேவையானதுதான். ஆனால் தொடர்பில் இருந்தார் என்பதற்காக வேலைக்குப் போகக் கூடாது என்று தனியாகக் கட்டளையிடப்பட்டவருக்கு அதற்கென்று தனியாக எதுவும் வரவில்லை. அந்த ஆண்டு மேட்டூர் அணை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கமான ஜூன் 12-இல் திறந்தது. டெல்டா முழுக்கக் குறுவை வேலை சூடுபிடித்தது. சென்னையில் தொற்று ஏறி, அங்கே பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பியதும் அதே ஜூன் மாதம். நடவு, ஊருக்குத் திரும்பியவருக்காக நிற்காது. நாற்று முற்றிவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் வீட்டுக்குள் இருக்கச் சொன்னவர்கள் அந்த நாற்றுக்கும் அந்தக் கூலிக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கூலி கிடைத்தால் மக்கள் இருப்பார்களா என்ற கேள்விக்கு அளந்து பார்த்த பதில் உண்டு. இஸ்ரேலில் 2020 தொடக்கத்தில் நடத்திய கருத்தாய்வில், இழக்கும் சம்பளத்துக்கு ஈடு உண்டு என்று சொன்னபோது 94 சதவீதம் பேர் தனிமை விதியைக் கடைப்பிடிப்போம் என்றார்கள். ஈடு இல்லை என்றதும் அது 57 சதவீதமாக இறங்கியது. அதே மக்கள், அதே நோய், அதே சட்டம். மாறியது பணம் மட்டும்தான். பிரிட்டனில் கிட்டத்தட்ட ஓராண்டுக் காலத் தகவல்களைத் திரட்டி 2021-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, அறிகுறி இருந்தவர்களில் முழுக் காலமும் வீட்டில் இருந்தவர்கள் 43 சதவீதத்தினர்தான். கொரோனாவின் முக்கிய அறிகுறிகளைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களே அங்கே ஏறக்குறைய பாதிப் பேர். எழுத்தறிவும் தொலைக்காட்சியும் நிறைந்த பணக்கார நாட்டின் நிலை இது. அங்கே மீறியவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட அம்சங்களில் பணமுடை ஒன்று, வீட்டில் சிறு குழந்தை இருப்பது இன்னொன்று. புரியாமை என்ற ஒரே பெட்டியில் 'நம்ம ஜனங்களை' அடைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

காரைக்காலுக்கு இந்தப் பாடம் வேறொரு வழியில் தெரிந்தே இருந்தது. 2020 மே மாதம் தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறந்தபோது, புதுச்சேரி அரசுக்குப் பெரிய கவலை வந்தது. தன் பகுதியில் மது விலை குறைவு. கடையைத் திறந்தால் சுற்று மாவட்டங்களிலிருந்து கூட்டம் எல்லை தாண்டும். அதற்குக் கண்ட வழி எளிமையானது. மதுவின் மேல் தனியாகக் கொரோனா வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு ஏற்றிவிட்டு, மே 25-இல் கடைகளைத் திறந்தது. எல்லை தாண்டுவதற்கான ஆதாயமே இல்லாமல் போனால் தாண்ட ஆளிருக்காது என்பது அரசுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. மது குடிப்பவரின் மனக்கணக்கைப் புரிந்துகொண்ட அதே நிர்வாகங்கள், வயல் வேலைக்குப் போகிறவரின் மனக்கணக்கை ஏன் ஒழுக்கக் கேடாகப் பார்த்தன?

கூலியோடு சேர்ந்தது இடம். தனித்திரு என்றால் தனியாக ஓர் அறை வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கட்டளை வந்தால், அது தொற்றைப் பூட்டி வைத்துப் பெருக்குவதாகவே முடியும். சிங்கப்பூர் இதை விலை கொடுத்து அறிந்தது. டெல்டாவிலிருந்து போன தமிழர்கள் உட்பட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அங்கே விடுதிகளில் அறைக்குப் பலராகத் தங்கியிருந்தார்கள். 2020 ஏப்ரலில் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆண்டு முடிவில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, அந்தத் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. விடுதிக்கு வெளியே, அதே சிங்கப்பூரில் தனிமை ஆணை பெற்ற ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பும், சொந்தத் தொழில் செய்பவருக்கு நாளொன்றுக்கு 100 வெள்ளியும் உண்டு. விடுதிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அரசு, ஒரே கிருமி, விளைவு வேறு. மும்பை தாராவியில் வேறு பாதை எடுத்தார்கள். அங்கே பெரும்பாலோருக்குக் கழிப்பறையே பொதுக் கழிப்பறைதான். வீட்டில் இரு என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று கண்டு, பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் தங்குமிடமாக்கிச் சாப்பாடு கொடுத்து வைத்தார்கள். முதல் அலையில் தாராவி தப்பித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

கெடு

வேலைக்கு முடிவு நாள் தெரிந்தால் கஷ்டத்தைத் தாங்கலாம். தெரியாவிட்டால் இரண்டாம் நாளே கசந்துவிடும். கொரோனா காலத்தில் கெடு மாறிக்கொண்டே இருந்தது. ஒரு மாநிலத்தில் 14, இன்னொன்றில் 28. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு 7 நாள் வெளியே, 7 நாள் வீட்டில். லேசான தொற்றோடு வீட்டிலேயே சிகிச்சை பெறுபவருக்கு முதலில் 17, பிறகு 10, 2022 ஜனவரியில் 7. அறிவு வளர வளர விதி மாறுவது நல்லதே. ஆனால் மாறியதன் காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் மாற்றினால், கேட்பவர் அதை அறிவியல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். "இவர்களுக்கே தெரியவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார். திடீர் அறிவிப்பின் விளைவையும் தமிழ்நாடு கண்டது. சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாளுக்கு முன் அறிவித்தார்கள். இடைப்பட்ட 25-ஆம் தேதி காய்கறிக் கடைகளில் கூட்டம் முட்டி மோதியது. பத்து நாளில் கோயம்பேடு சந்தையில் தொற்றுக் கொத்து வெடித்து, மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கிருமி பல மாவட்டங்களுக்குப் போனது. கூட்டத்தில் நின்றவர் விதியை அலட்சியம் செய்யவில்லை. நான்கு நாள் வீட்டோடு இருப்பதற்கு வேண்டியதை வாங்கத்தான் போனார், கீழ்ப்படியத்தான் போனார்.

கெடுவை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இங்கே விழிதியூரின் எல்லைக்கோடு மறுபடி கண்ணில் படுகிறது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் பதவியேற்றுச் சில வாரங்களில் கொரோனா வந்தது. புதுச்சேரிப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்துவிட்டது. 2020-இல் கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கையில் இருந்தன. இலவச அரிசியா, அதற்குப் பதில் பணமா என்று அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த இழுபறியில் ரேஷன் கடைகளும் பெரும்பாலும் முடங்கிக் கிடந்தன. வீட்டில் அடைந்திருப்பவர் "என் வீட்டுக்கு அரிசி வரவில்லை" என்று குரல் கொடுத்தால், ஓட்டுக் கேட்டு வந்த முகம் ஒன்று வாசலில் வந்து நிற்க வேண்டும். உள்ளாட்சியில் அந்த முகம் காரைக்கால் பகுதிக் கிராமங்களில் அப்போது இல்லவே இல்லை. செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊர் இளைஞர்களும் எத்தனை ஓடியாடினாலும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரின் இடத்தை அவர்களால் நிரப்ப முடியாது.

கௌரவம்

மூன்றாவதுதான் மிகவும் ஆழமானது. இந்தக் கரையில் தனிமைப்படுத்தலுக்கு ஒரு பழைய நினைவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். ரீயூனியனில் இறங்கியவர்களை முதலில் வரவேற்றது 1860-களில் எழுந்த லா கிராந்த் ஷலூப் தடுப்பிடம். நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில். அறை எடுத்துப் பயணம் செய்த கனவான்களுக்கு அந்தத் தீவுகளும் முகாம்களும் பெரும்பாலும் கிடையா. அப்போதே காத்திருக்க வைக்கப்பட்டவர் ஏழை. காக்கப்பட்டது முதலாளியின் தோட்டம். பம்பாய்ப் பிளேக்கையொட்டி 1897-இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டமும் இதே குணத்தோடு பிறந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள். அவ்வாண்டு ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். 123 ஆண்டு கழித்துக் கொரோனாவுக்கு நாம் முதலில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று அதே சட்டம்தான்.

2020-இல் வீட்டுக் கதவில் சீட்டு ஒட்டினார்கள். பல மாநிலங்களில் கையில் அழியா மையால் முத்திரை குத்தினார்கள். தெருவைத் தகரத்தால் அடைத்தார்கள். பெங்களூரில் இரண்டு வீடுகளின் வாசலையே தகரம் வைத்து அடைத்து, மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கதவில் ஒட்டிய சீட்டு அக்கம்பக்கத்தை எச்சரிப்பதாகச் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. பால்காரர் நின்றுவிட்டார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், தெருவில் பேச்சு கிளம்பியது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பர் 9-இல், உரிய அதிகாரியின் தனி ஆணை இல்லாமல் இப்படிச் சீட்டு ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் சேதம் நடந்திருந்தது. ஏப்ரல் 19-இல் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர் எவரும், தனக்குத் தொண்டை கரகரத்தால் நேரே போய்ச் சொல்வாரா? வெட்கம் தொற்றைத் தடுப்பதில்லை, மறைக்கிறது.

கதவில் அடையாளம் வைப்பதே தவறு என்று சொல்ல முடியாது. நம் ஊர்களில் அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது பழைய வழக்கம். அதுவும் ஓர் அறிவிப்புதான்: உள்ளே வராதே. ஆனால் அந்தக் கொத்தோடு வேறு சில ஏற்பாடுகளும் வந்தன. வந்திருப்பது அம்மா என்பதால் வீட்டுக்கு இழுக்கில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது என்று கெடு இருந்தது. இளநீரும் நுங்கும் வாசல்வரை வந்தன. ஒட்டுச் சீட்டில் இந்த மூன்றும் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அல்ல, தடுப்பூசி. அந்த ஒழிப்பு இயக்கமும் தண்டனையை மட்டும் நம்பி நடக்கவில்லை; நோயைப் பற்றித் தகவல் சொன்னவருக்குப் பணப்பரிசு கொடுத்தது, 1975-இல் அந்தப் பரிசு 1,000 ரூபாய்வரை உயர்ந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 'ஒதுக்கி வைப்பது' என்பது எல்லாத் தெருவிலும் ஒரே பொருள் தரும் சொல் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தொடாதே, வராதே, தள்ளி நில் என்று கேட்டு வந்த சேரிக்கு, அதே சொற்களை அரசு முத்திரையோடு அனுப்பினால் அது சுகாதார அறிவுரையாகக் கேட்காது. சொல்கிறவர் தன் கையாலேயே அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

அடித்தால் கேட்காதா என்பவர்கள் தைவானைக் காட்டுவார்கள். அங்கே தனிமை விதியை மீறியவருக்கு 10 லட்சம் தைவான் டாலர்வரை அபராதம் உண்டு. உண்மைதான். அதே தைவான் விதியைக் கடைப்பிடித்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் ஈட்டுத்தொகை தந்தது. உள்ளூர் அலுவலர்கள் தினமும் விசாரித்தார்கள். வேலையைக் கொடுத்து, கூலியும் கொடுத்த பிறகு ஓடிப்போகிறவனைக் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. கூலி கொடுக்காமல் கசையை மட்டும் எடுப்பதற்குப் பெயர் வேறு. பணத்துக்காகப் பொய்யாகத் தொடர்பு சொல்லமாட்டார்களா என்று அடுத்த கேள்வி வரும். சிலர் சொல்வார்கள். சுகாதாரப் பணியாளர் தேடிப் பிடித்து எழுதிய பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் பணம் என்றால் அந்த ஏமாற்று குறையும். மிஞ்சுகிற ஏமாற்றும் ஒரு தீவிரச் சிகிச்சைப் படுக்கைக்கு ஆகும் செலவைவிட மலிவு. அரசிடம் பணமில்லை என்பார்கள். ஊரையே அடைக்கும்போது இழப்பது எல்லோருடைய வருமானமும். தொடர்பில் இருந்தவரை மட்டும் காசு கொடுத்து உட்கார வைத்தால், மற்றவர்கள் வேலைக்குப் போகலாம். முழு ஊரடங்கின் செலவோடு ஒப்பிட்டால் தனிமைப்படுத்தல்தான் சிக்கனம்.

மிகக் கனமான மறுப்பு வேறொன்று. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் நடத்திய இரத்த ஆய்வில் ஏறத்தாழ 32 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போனது தெரிந்தது. இரண்டு கோடிக்கு மேல். பதிவான நோயாளிகள் அப்போது சுமார் 7 லட்சம். முப்பதில் ஒருவரைக்கூட முழுதாகப் பிடிக்காத வலையை வைத்துக்கொண்டு தனிமைப்படுத்தல் பற்றிப் பேசுவது வீண் அல்லவா? டெல்டாக்காரருக்கு இதற்குப் பதில் தெரியும். மதகு வெள்ளத்தை நிறுத்துவதில்லை. எந்த வாய்க்காலில் எப்போது எவ்வளவு போக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவானது. ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் காத்திருந்தன. அதே எண்ணிக்கை நான்கு வாரமாகப் பரவி வந்திருந்தால் ஆக்சிஜன் போதியிருக்கும். ஓட்டையுள்ள மதகும் நேரம் வாங்கித் தரும். கண்டுபிடிக்கப்படாதவர்களில் அறிகுறியே இல்லாதவர்கள் நிறைய. அவர்களை எந்த முறையாலும் எளிதில் பிடிக்க முடியாது. ஆனால் அறிகுறி இருந்தும் வேலை போகும், தெரு பேசும் என்று பயந்து சொல்லாமல் இருந்தவர்களைப் பிடிக்கலாம். அதற்கு வழி சோதனைச் சாவடி அல்ல.

வழி இருக்கிறது என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 கோடையில் மாநகராட்சி, தனித்திருப்பவர்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தரத் தெருவாரியாகத் தன்னார்வலர்களை நியமித்தது; காய்ச்சல் முகாம்களைத் தெருவுக்கே கொண்டுபோனது. காவல் காக்கும் ஆளை ஏவல் செய்யும் ஆளாக மாற்றியது அந்த ஏற்பாடு. நகரத்தில் முடிந்தது கிராமத்தில் முடியாததில்லை. அடுத்த கிருமி எது என்று யாருக்கும் தெரியாது. புதுச்சேரிப் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹேக்குப் பக்கத்துக் கோழிக்கோட்டில் 2018 முதல் நிபா தலைகாட்டிக்கொண்டிருக்கிறது. அது வருமுன் காரைக்காலும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு: இரு பக்கமும் ஒரே கெடு, வயல் வேலைக்குப் போகிறவருக்கு ஒரே ஈட்டுத்தொகை, ஒவ்வொரு ஊரிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர், இடமில்லாத வீட்டுக்காரருக்குத் தங்க ஒரு பள்ளிக்கூடம். அப்போதும் கதவில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டியிருக்கலாம். ஒட்டட்டும். அதில் எத்தனாம் தேதியோடு முடிகிறது, 14 நாள் கூலி எங்கே வாங்கலாம், அரிசியும் மருந்தும் கொண்டுவருபவரின் பெயர் என்ன என்ற மூன்று வரிகள் இருக்கட்டும். அந்தச் சீட்டை வீட்டுக்காரரே வாங்கி, தன் கையால் கதவில் ஒட்டுவார்.